ராமானுஜன் பட்டியலில் விட்டுப்போன எண்

ஆவுடையார்கோவில் களத்துமேட்டுல 12 மூட்டை நெல் இருந்தா 2, 3, 4, 6 பேருக்குச் சமமாப் பிரிச்சிடலாம். 13 மூட்டைன்னா சிக்கல்! 12-க்கு 6 வகுத்திகள். அதைவிடச் சின்ன எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது. இப்படி, தனக்கு முந்தைய எல்லா எண்களையும் வகுத்திகளின் எண்ணிக்கையில் மிஞ்சுவதே ‘உயர் பகு எண்’.

கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன் 1915-ல் இவற்றைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அவர் பட்டியலின் கடைசி எண் 67,46,32,83,88,800.

இதுக்கு எத்தனை வகுத்திகள்? ஒவ்வொன்னா வகுக்க வேண்டாம். பகாக் காரணிகளாப் பிரிங்க:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்குங்க:

7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10,080

ஏன் 1 கூட்டணும்? ஒரு வகுத்தியில் 2-ஐ ஆறு தடவை வரை சேர்க்கலாம், சேர்க்காமலும் விடலாம். ஆக, ஏழு வழி. மற்ற காரணிகளுக்கும் இதே கணக்குதான்.

இப்போ 23-ஐ மட்டும் எடுத்துடுங்க. கிடைப்பது 2,93,31,86,25,600. வகுத்திகள் சரிபாதி, 5,040. இதுவும் உயர் பகு எண்தான். ஆனா ராமானுஜன் பட்டியலில் இது விட்டுப்போச்சு! கம்ப்யூட்டர் இல்லாத காலத்துக் கைக்கணக்கு அது.

இன்னொரு வேடிக்கை: 5,040, 10,080 இரண்டுமே உயர் பகு எண்கள். நம்பலைன்னா ஒரு புரோகிராம் எழுதிப் பாருங்க!