வெயிலில் உழைப்போர் அறியவேண்டியவை

சித்திரை பிறக்கும் நாள்களில் நண்பகற் சூரியன் யாழ்ப்பாணக் குடாநாட்டின் உச்சிக்கு நேராக நிற்கின்றது. அக்காலத்திலும் வெங்காயத் தோட்டத்து வேலையும் வீடு கட்டும் வேலையும் ஓய்வதில்லை. ஆதலின், வெயிலில் உழைப்பவர் தம் உடலின் இயல்பை அறிந்திருத்தல் அவசியமாகும்.

மனித உடலின் உள்வெப்பம் ஏறக்குறைய 37 பாகை செல்சியசு ஆகும். உழைக்கும்பொழுது தசைகளும் வெப்பத்தை உண்டாக்குகின்றன. அதனைத் தணிப்பது வியர்வை. ஆயினும், வியர்வை வழிந்தோடுவதனால் உடல் குளிர்வதில்லை; அது ஆவியாகும்பொழுதே குளிர்கின்றது. காற்று ஓய்ந்து புழுக்கம் மிகுந்த நாளில் வியர்வை எளிதில் உலராது. எனவே வானம் மூடியிருக்கும் நாளையும் அஞ்சவேண்டும்.

தாகம் எடுக்கும்வரை காத்திருத்தல் தவறு. கடும் வெயிலில் கால் மணி அல்லது இருபது நிமிடத்திற்கு ஒருமுறை ஒரு கோப்பை நீர் அருந்துதல் நன்று. வியர்வையோடு உப்பும் வெளியேறுவதால், உப்பிட்ட மோரும் கஞ்சியும் பயன்தரும். இரத்த அழுத்தம், சிறுநீரக நோய் உடையோர் உப்பைக் குறித்து வைத்தியரைக் கேட்டல் வேண்டும். கடினமான வேலையைக் காலையிலே முடித்து, உச்சிவேளையில் நிழலில் இளைப்பாறுவது கமக்காரர் கண்ட நல்வழியாகும்.

வெயில் வேலைக்குப் புதியவரும், நோயினின்று எழுந்தவரும் முதல்நாளிலேயே பிறருக்கு ஈடாக உழைக்க முயலலாகாது. உடல் வெயிலுக்குப் பழக ஒன்று அல்லது இரண்டு வாரம் செல்லும். முதல்நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை போதும். பின்னர் நாடோறும் சிறிது சிறிதாகக் கூட்டலாம்.

தலைவலி, தலைச்சுற்று, ஓங்காளம், தசைப்பிடிப்பு ஆகியன முதல் எச்சரிக்கைகள். உடனே வேலையை நிறுத்தி நிழலுக்குச் செல்லுதல் வேண்டும். பேச்சுக் குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, அறிவு மயங்கினாலோ அது வெப்ப அதிர்ச்சியாக இருக்கலாம். உள்வெப்பம் 40 பாகையைக் கடக்கும் இந்நிலை உயிரைப் பறிக்கவல்லது. உடல் வியர்வையில் நனைந்திருக்கும்பொழுதும் இது நேரலாம். 1990 என்ற இலக்கத்திற்கு அழைத்தால் இலவச நோயாளர் வண்டி வரும். அது வரும்வரை அவரை நிழலிற் கிடத்தி, உடலெங்கும் குளிர்நீர் ஊற்றி, விசிறவேண்டும். நினைவற்றவருக்கு எதனையும் பருக்கலாகாது.

இந்நோயில் முதலில் மயங்குவது அறிவே. அதனாலேதான் நோயுற்றவர், "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லி மேலும் உழைக்க முற்படுவார். அச்சொல்லை நம்பலாகாது. ஆகவே, வெயிலில் எவரும் தனித்து வேலை செய்யாதிருப்பாராக. ஒருவர் முகத்தை ஒருவர் அடிக்கடி பார்த்துக்கொள்வாராக. அப்பார்வை ஓர் உயிரைக் காக்கும்.