பெடல் ஸ்டீல் கிட்டார்: படி மாறும், பக்குவம் மாறும்

இட்லிக்கு ஊறப்போடும்போது அரிசி நாலுக்கு உளுந்து ஒன்று என்பது கணக்கு. வீட்டுக்கு ஆழாக்கில் அளக்கிறோம், கல்யாணத்துக்குப் படியில் அளக்கிறோம். அளவை மாறினாலும் நாலுக்கு ஒன்று மாறுவதில்லை. அதனால்தான் இரண்டு இடத்திலும் இட்லி இட்லியாகவே வேகிறது. இது மனதில் இருந்தால் பெடல் ஸ்டீல் கிட்டாரில் பாதி புரிந்த மாதிரி.

அமெரிக்காவின் கன்ட்ரி இசையில் பின்னணியில் விம்மி இழைகிறதே, அந்தக் கருவிதான் இது. தோளில் மாட்டுவதில்லை. தையல் மெஷின் போல நாலு காலில் நிற்கும். முன்னால் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். கம்பிகள் 10. இடது கையில் எஃகு உருளை, வலது கை விரல்களில் மீட்டுநகங்கள், இடது காலுக்குச் சுருதி பெடல்கள், வலது காலுக்கு ஒலியளவு பெடல். முழங்காலுக்கும் நெம்புகோல்கள் உண்டு.

அரைத்து வைத்த மாவு

சாதாரண கிட்டாரில் ஒவ்வொரு கார்டையும், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டையும், இடது கை விரல்கள்தான் கட்ட வேண்டும். ஓப்பன் ட்யூனிங்கில் அந்த வேலை முன்பே முடிந்துவிடுகிறது. நாஷ்வில் நகரத்துக் கன்ட்ரி கலைஞர்கள் வாசிக்கும் ‘ஈ 9’ ட்யூனிங்கில் 8, 6, 5 ஆகிய மூன்று கம்பிகளை மட்டும் மீட்டிப் பாருங்கள். ஈ, ஜி ஷார்ப், பி என்று ஈ மேஜர் கார்டு தானாக வந்து நிற்கும். மூன்றின் அதிர்வு எண்களும் 4:5:6 என்ற விகிதத்தில் இருக்கின்றன. நம் நாலுக்கு ஒன்று போல, இது மேஜர் கார்டின் கணக்கு. ட்யூனர் முள்ளை மட்டும் நம்பாமல், கம்பிகளுக்கிடையே ‘வவ்வவ்’ என்ற அலைப்பு அடங்கும்வரை காதாலும் சேர்ப்பார்கள்.

படியை மாற்றும் பார்

அந்த எஃகு உருளைக்குப் பார் என்று பெயர். அது கம்பியை அமுக்காது, மேலே அமர்ந்திருக்கும், அவ்வளவுதான். கீழே தெரியும் ஃப்ரெட்டுகள் வெறும் கோடுகள். பாரை ஒரு கோடு மேலே நகர்த்தினால் எல்லாக் கம்பியும் ஒரே விகிதத்தில், சுமார் 6 சதவீதம், ஏறும். 4:5:6 கலையாது. 3-ஆம் கோட்டில் ஜி மேஜர், 5-இல் ஏ மேஜர், 8-இல் சி மேஜர். 12-இல் கம்பியின் நீளம் பாதியாகி, அதிர்வு இரட்டிப்பாகி, மறுபடி ஈ. ஆழாக்கு போய்ப் படி வந்திருக்கிறது. மாவு அதே மாவு.

பாரைப் பிடிப்பதற்குத் தோசைக் கரண்டிதான் பாடம். அழுத்தினால் மாவு கிழியும், ஒட்டாமல் போனால் பரவாது. இங்கே அழுத்தினால் சுருதி ஏறிவிடும், தொட்டும் தொடாமலும் இருந்தால் கம்பி கரகரக்கும். பார் கோட்டுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். சாய்ந்து பார்த்தால் கண் ஏமாற்றும்.

இந்த வாசிப்பு ஹவாயில் பிறந்தது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதை உருவாக்கியவர் என்ற பெயர் ஜோசப் கெக்கூக்குவுக்கு. நம் கோட்டுவாத்தியக்காரரும் இப்படித்தான் ஒரு கட்டையை இழைத்துக் கமகம் எடுக்கிறார். ஆனால் பாரோ கட்டையோ நகர்ந்தால் அதன் கீழுள்ள எல்லாக் கம்பியும் சேர்ந்தே நகரும். ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதை மட்டும் நகர்த்துவது பாரால் எளிதல்ல. அதற்குத்தான் பெடல்.

பக்குவத்தை மாற்றும் பெடல்

பெடலை மிதித்தால் ஒரு கம்பித்தண்டு கீழே இழுபடும்; அது குறுக்குத்தண்டைத் திருப்பும்; குறுக்குத்தண்டு இன்னொரு தண்டை இழுத்து, கம்பியின் வால் மாட்டியிருக்கும் உலோக விரலைச் சுழற்றும். கம்பி இறுகிச் சுருதி ஏறும். எவ்வளவு ஏற வேண்டும் என்பதை ஒரு சிறு நைலான் மரை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. தலைதட்டி அளந்த படி மாதிரி, கால் அடிவரை மிதித்தால் போதும். அதற்கு மேல் ஏறாது.

முதல் பெடல் பி-யை சி ஷார்ப் ஆக்கும். இரண்டாம் பெடல் ஜி ஷார்ப்பை ஏ ஆக்கும். இரண்டையும் சேர்த்து மிதித்துக் கணக்காகப் பார்த்தால், 12:15:18 ஆக (அதே 4:5:6, மும்மடங்காக) இருந்தது 12:16:20 ஆகிறது. அரிசியை அப்படியே விட்டு, கூடச் சேர்வதை மட்டும் ஏற்றினால் இட்லி மாவு அடை மாவாகிவிடுவது போல, ஈ நகராமல் நிற்க, ஈ மேஜர் ஏ மேஜராகிறது. முதல் பெடலை மட்டும் மிதித்தால் சி ஷார்ப் மைனர்.

பெடல் வந்த புதிதில் அது பாட்டுக்குப் பாட்டு சுருதி மாற்றும் வசதியாகத்தான் இருந்தது. 1954-இல் வெளியான ‘ஸ்லோலி’ என்ற வெப் பியர்ஸ் பாடலில் ஸ்டீல் கிட்டார் வாசித்த பட் ஐசக்ஸ், கம்பி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்தார். ஒரு ஸ்வரம் அசையாமல் நிற்க, பக்கத்து ஸ்வரங்கள் அதை விட்டு வழுக்கி ஏறின. நிற்கும் ஸ்வரம் இருப்பதால்தான் ஏறுவது காதில் தைக்கிறது. ஐசக்ஸின் ஒரே பெடலை இரண்டாகப் பிரித்து, மைனருக்கும் வழிவிட்டவர் பட்டி எம்மன்ஸ் என்ற இன்னொரு ஸ்டீல் கலைஞர்.

விறகும் கல்லும்

மீட்டிய ஒலி தணியத் தணிய, வலது காலால் ஒலியளவு பெடலை மெல்ல அமுக்க வேண்டும். விறகடுப்பில் தீ இறங்கும்போது விறகை உள்ளே தள்ளிக்கொடுப்பது மாதிரி. தொடக்கத்திலேயே முழுக்கத் திறந்துவிட்டால் பிறகு தள்ள விறகு இருக்காது.

அடுத்த தோசைக்கு முன் கல்லைத் துடைக்கிறோம் அல்லவா? இங்கே துடைப்பது வலது உள்ளங்கையின் ஓரம். அது கம்பிகளைத் தொட்டு முந்தைய ஒலியை அணைக்காவிட்டால் பழைய ஸ்வரமும் புதியதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

முதல் வாரச் சமையல்

பாரை 3-ஆம் கோட்டில் வையுங்கள்: ஜி. அங்கேயே இரண்டு பெடலையும் மிதியுங்கள்: சி. மிதித்த காலோடு 5-ஆம் கோட்டுக்குப் போங்கள்: டி. திரும்பி வந்து காலை எடுங்கள்: மறுபடி ஜி. மூன்று கார்டுப் பாட்டுகள் ஏராளம்; அவற்றுக்கு இந்த இரண்டு கோடும் இரண்டு பெடலும் போதும்.

சுருதி பிசகினால் பதறாமல் ருசி பாருங்கள். மூன்று ஸ்வரமும் சேர்ந்தே இறங்கியோ ஏறியோ ஒலித்தால் கோளாறு படியில்: பார் கோட்டில் இல்லை. ஒன்று மட்டும் உறுத்தினால் கோளாறு பக்குவத்தில்: அந்தக் கம்பியின் முறுக்கையோ மரையையோ பாருங்கள், அல்லது கால் அடிவரை போகவில்லை.