சிவப்பு மணி எந்தக் கல்?

பழைய மணிமாலையில் உள்ள சிவப்பு மணி சூதுபவளமாகவும், கார்னெட்டாகவும், வெறும் கண்ணாடியாகவும் இருக்கக்கூடும் என்பதால், நிறத்தை மட்டும் கொண்டு கல்லின் பெயரைச் சொல்வது பெரும்பாலும் ஏமாற்றத்திலேயே முடியும். நூல் நுழையும் துளையே முதலில் பார்க்க வேண்டிய இடம்; பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸால் நோக்கினால், துளையின் விளிம்பில் உடைந்த சில்லு கண்ணாடியில் பளபளப்பதையும், குவார்ட்ஸ் வகையைச் சேர்ந்த சூதுபவளத்தில் மெழுகு போல் மங்கித் தெரிவதையும், சாயமேற்றிய கல்லானால் துளையோரத்திலும் வெடிப்புகளிலும் நிறம் அடர்ந்து தேங்கியிருப்பதையும் காணலாம். உள்ளே உருண்டைக் குமிழிகள் தென்பட்டால் அது பெரும்பாலும் கண்ணாடியே.

அடுத்தது ஒப்படர்த்தி, அதாவது ஒரு கல் அதே பருமனுள்ள நீரைவிட எத்தனை மடங்கு கனமானது என்னும் அளவு: சூதுபவளத்துக்கு இது ஏறக்குறைய 2.6, சிவப்புக் கார்னெட்டுக்கு 3.5-க்கும் மேல். மணிகளை நூலிலிருந்து கழற்றாமல் எடைபோட்டால் இக்கணக்கு பொய்த்துவிடும். இரும்புச்சத்து மிகுந்த கார்னெட்டை வலிய நியோடிமியம் காந்தம் மெல்ல ஈர்க்கும், சூதுபவளத்தை ஈர்க்காது. உரசிப் பார்ப்பதோ மணியைக் கெடுப்பதாகும்.

குஜராத்தின் கம்பாத்தில் பழுப்பு அகேட்டைச் சூடேற்றிச் சிவக்கவைத்துச் சூதுபவளமாக்குவது நெடுங்கால வழக்கமாதலால், சூட்டால் சிவந்த சூதுபவளத்தைப் போலி என்று ஒதுக்க வேண்டியதில்லை.