வீட்டுக்கு வரும் கணித வகுப்பு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு சிறு லேத் பட்டறைக்கு வரைபடம் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 40 மி.மீ. விட்டமுள்ள ஓர் இரும்புத் தண்டு. அதன் முனையில் 50 மி.மீ. நீளத்திற்குள் விட்டம் சீராகக் குறைந்து 30 மி.மீ. ஆக வேண்டும். இதற்கு டேப்பர் என்று பெயர். வெட்டும் உளியை எத்தனை பாகை திருப்பி வைக்க வேண்டும்? வரைபடத்தில் கோணம் குறிக்கப்படவில்லை.

அனுபவமுள்ள தொழிலாளி இரண்டு மூன்று முறை வெட்டிப் பார்த்துச் சரிசெய்துவிடுவார். ஆனால் அதற்குள் ஒன்றிரண்டு தண்டுகள் வீணாகும். முக்கோணவியல் அறிந்தவர் என்ன செய்வார்? விட்டம் 10 மி.மீ. குறைகிறது. அப்படியானால் ஒரு பக்கத்தில் குறைவது 5 மி.மீ. நீளம் 50 மி.மீ. ஐந்தை ஐம்பதால் வகுத்தால் 0.1. எந்தக் கோணத்தின் டேன்ஜென்ட் 0.1? ஏறத்தாழ 5 பாகை 43 கலை. ஒரே கணக்கு, ஒரே வெட்டு. தண்டு வீணாகாது.

இந்தக் கணக்கில் கடினமானது ஒன்றுமில்லை. என்றாலும் பதினொன்றாம் வகுப்பில் கணிதமில்லாத பிரிவை எடுத்தவருக்கும், பத்தாம் வகுப்போடு வேலைக்குப் போனவருக்கும் இந்தக் கதவு பாதியில் சாத்தப்பட்டுவிடுகிறது. பிறகு அதைத் திறக்க வழி உண்டா? பகலில் ஆவடியிலோ பூந்தமல்லியிலோ வேலை, இரவில் மட்டும் ஓய்வு என்றால் எந்த வகுப்புக்குப் போவது? இணையத்தின் வழியே வகுப்பு வீட்டுக்கே வருகிறது. அது எப்படி நடக்கிறது, அதில் எங்கே கவனம் வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

அஞ்சல் முதல் இணையம் வரை

ஆசிரியர் ஓரிடம், மாணவர் வேறிடம் என்ற ஏற்பாடு புதியதன்று. 1840-இல் இங்கிலாந்தில் ஐசக் பிட்மன் சுருக்கெழுத்தை அஞ்சல் வழியாகக் கற்பித்தார். மாணவர்கள் பயிற்சியை எழுதி அனுப்புவார்கள். அவர் திருத்தித் திருப்பி அனுப்புவார். இந்தியாவில் 1962-இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் உதவியுடன் ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சிக் கல்வி சென்றது. கல்விக்கென்றே இந்தியா ஏவிய எடுசாட் செயற்கைக்கோள் 2004-இல் விண்ணில் சென்றது. தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019-இல் தொடங்கப்பட்டது.

இவற்றில் ஒரு வேறுபாட்டைக் கவனித்தீர்களா? அஞ்சலில் மாணவரின் விடை ஆசிரியருக்குத் திரும்பிப் போனது. ஆனால் நாள் கணக்கில் தாமதம் ஆயிற்று. தொலைக்காட்சியில் பாடம் நொடியில் வந்தது. ஆனால் விடை திரும்பிப் போக வழியில்லை. இணையத்தில் பாடமும் உடனே வருகிறது, விடையும் உடனே திரும்பிப் போகிறது. புதுமை இந்த இருவழிப் பாதையில்தான் இருக்கிறது.

நம் ஊருக்கு அருகிலேயே

அமெரிக்கக் கல்லூரிகளில் ‘கல்லூரி இயற்கணிதமும் முக்கோணவியலும்’ என்று ஒரு தொடக்கப் பாடம் உண்டு. மடக்கை, இருபடிச் சமன்பாடு, சார்பு, சைன், கொசைன் போன்றவை அதில் அடங்கும். நம் நாட்டில் இதே பகுதிகள் பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் பரவிக் கிடக்கின்றன. ஆகவே இதைத் தேடுவோர் முதலில் போக வேண்டிய இடம் பள்ளிப் பாடம்தான். 2017 ஜூலையில் தொடங்கிய ‘சுவயம்’ என்ற மைய அரசின் இணையத் திட்டத்தில் பள்ளிப் பாடங்களும் உண்டு, கல்லூரிப் பாடங்களும் உண்டு. பாடம் கேட்பதற்குக் கட்டணம் கிடையாது. தமிழ்நாட்டுப் பாடநூல்களையும் இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

கல்லூரிப் பாடங்களுக்கு என்.பி.டி.இ.எல். என்ற திட்டம் இருக்கிறது. ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து உருவாக்கியது இது. 2014 முதல் சான்றிதழுடன் கூடிய பாடங்களை நடத்தி வருகிறது. மேலும் சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தரவு அறிவியலில் ஓர் இணையவழிப் பட்டப்படிப்பை அறிவித்தது. பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுத்தவரும் அதற்கு விண்ணப்பிக்கலாம்; பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். நான்கு வாரப் பாடம் படித்து, வாரந்தோறும் பயிற்சிகளை முடித்து, தேர்வு மையத்தில் நேரில் எழுதும் தகுதித் தேர்வில் வென்றால் இடம் கிடைக்கும். அப்படிப்பின் முதல் கணிதப் பாடத்தில் இருப்பவை கணங்கள், நேர்கோடு, இருபடிச் சார்பு, பல்லுறுப்புக் கோவை, அடுக்கு, மடக்கை ஆகியவை. முன்னே சொன்ன இயற்கணிதம் இதுதானே? இப்படிப்புக்குக் கட்டணம் உண்டு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண்ணிலும் ஒரு சமன்பாடு

என்.பி.டி.இ.எல். பாடம் பெரும்பாலும் 4, 8 அல்லது 12 வாரம் நடக்கும். வாரந்தோறும் சில காணொளிகளும் ஒரு பயிற்சித் தாளும் வரும். இறுதித் தேர்வு இணையத்தில் நடப்பதில்லை. மையத்துக்குப் போய் எழுத வேண்டும். பயிற்சிக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75.

பயிற்சியில் நூற்றுக்கு ‘வ’, தேர்வில் நூற்றுக்கு ‘தே’ எடுத்தால் மொத்தம் என்ன?

மொத்தம் = வ/4 + 3தே/4

பயிற்சியில் 80 எடுத்த மாணவி மொத்தம் 60 பெற வேண்டுமானால் 20 + 3தே/4 = 60. ஆகவே தே = 53.3, அதாவது தேர்வில் 54 எடுத்தால் போதும். பயிற்சியில் முழு 100 எடுத்து, தேர்வில் 39 மட்டும் எடுத்தவருக்கு என்ன ஆகும்? மொத்தம் 54.25 வருகிறது. ஆனாலும் சான்றிதழ் கிடைக்காது! பயிற்சிப் பங்கில் குறைந்தது 10, தேர்வுப் பங்கில் குறைந்தது 30 என்று இரண்டு நிபந்தனைகள் தனித்தனியாக நிறைவேற வேண்டும். 39-க்குத் தேர்வுப் பங்கு 29.25 மட்டுமே. பயிற்சி விடைகளை வேறெங்கிருந்தோ நகல் எடுத்து எழுதுவோர் அகப்பட்டுக்கொள்ளும் இடம் இதுதான்.

சான் ஓசே சொல்லும் பாடம்

இணைய வகுப்பு என்றாலே வெற்றி என்று எண்ணிவிடாதீர்கள். 2013-இல் அமெரிக்காவின் சான் ஓசே மாநிலப் பல்கலைக்கழகம், உடாசிட்டி என்ற நிறுவனத்துடன் சேர்ந்து மூன்று பாடங்களை இணையத்தில் நடத்தியது. அவற்றில் ஒன்று கல்லூரி இயற்கணிதம். முதல் பருவத்தில் அதில் தேறிய பல்கலைக்கழக மாணவர்கள் 44 விழுக்காட்டினரே. அடிப்படைக் கணிதப் பாடத்தில் தேறியோர் 29 விழுக்காடு. அவ்வாண்டு ஜூலையில் திட்டத்தை நிறுத்தி வைத்து ஆராய்ந்தார்கள்.

ஆய்வில் தெரிந்தது என்ன? மாணவரின் வயதோ பின்னணியோ அவ்வளவு முக்கியமாக இருக்கவில்லை. யார் தேறுவார் என்பதை மிகத் தெளிவாகக் காட்டியது, அவர் எத்தனை பயிற்சித் தாள்களைச் செய்து அனுப்பினார் என்ற எண்ணிக்கைதான்.

இதற்குக் காரணம் உண்டு. நல்ல ஆசிரியர் ஒரு கணக்கைத் திரையில் போடும்போது ஒவ்வொரு வரியும் நமக்குப் புரிகிறது. ‘எனக்குத் தெரிந்துவிட்டது’ என்ற எண்ணம் வந்துவிடுகிறது. சமையல் நிகழ்ச்சியைப் பார்த்தவருக்குச் சமைக்கத் தெரிந்துவிட்டது போலத் தோன்றுவதில்லையா? அதைப் போன்றதுதான் இதுவும். 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியல் அறிஞர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு குழுவினர் ஒரு பத்தியை மீண்டும் படித்தனர். மற்றக் குழுவினர் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்களே முன்னிலை. ஆனால் ஒரு வாரம் கழித்து அவர்கள் நினைவில் நின்றது 42 விழுக்காடு. எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 விழுக்காடு. தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை அல்லவா?

எப்படிப் படிப்பது?

கைபேசிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும். ஆசிரியர் கணக்கை எழுதி முடித்ததும் காணொளியை நிறுத்துங்கள். நீங்களே போட்டுப் பாருங்கள். பிறகு ஓட விடுங்கள். வழி தவறியிருந்தால் எந்த வரியில் தவறியது என்று சிவப்பு மையால் குறியுங்கள். மறுநாள் அதே கணக்கைப் பாராமல் போடுங்கள். இருபது நிமிடக் காணொளிக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். ஆகட்டும்!

வரிசையும் முக்கியம். பின்னம், குறி எண்கள், காரணிப்படுத்தல், ஒருபடிச் சமன்பாடு, இருபடிச் சமன்பாடு, சார்பு என்பது இயற்கணிதத்தின் படிக்கட்டு. செங்கோண முக்கோணம், விகிதங்கள், ஓரலகு வட்டம், முற்றொருமைகள் என்பது முக்கோணவியலின் படிக்கட்டு. ஒரு படி ஆடினால் மேலே ஏறாதீர்கள். கீழே இறங்கி அதைச் சரிசெய்யுங்கள். கல்லூரியில் இயற்பியல் முதலாண்டு வகுப்பில் விசையைக் கூறுகளாகப் பிரிக்கும்போது திணறுவோரைப் பார்க்கிறேன். அவர்களில் பலருக்கு விசை புரிந்திருக்கிறது. சைனா கொசைனா என்பதில்தான் தடுமாற்றம்.

ஐயம் வந்தால் எண்ணை இட்டுப் பாருங்கள். (க + ச)² என்பது க² + ச² ஆகுமா? க = 3, ச = 4 என்று வையுங்கள். ஒரு பக்கம் 49, மறுபக்கம் 25. ஆகாது! இது ஆசிரியரில்லாத நேரத்தில் உங்களுடன் இருக்கும் ஆசிரியர். கணிப்பானையும் சோதியுங்கள். சைன் 30 என்று அழுத்தினால் 0.5 வர வேண்டும். மைனஸ் 0.988 வந்தால் கணிப்பான் ரேடியனில் இருக்கிறது, பாகைக்கு மாற்றுங்கள்.

பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. கலைச்சொல் ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் பாடநூலில் உள்ள சொல்லை எதிரே எழுதி ஒரு பட்டியல் வையுங்கள். சில வாரங்களில் அச்சம் விலகும். திரையால் செய்ய முடியாத ஒன்று உண்டு. உங்கள் முகத்தைப் பார்த்து, ‘இது புரியவில்லை போலிருக்கிறதே’ என்று கேட்க அதனால் முடியாது. எனவே மூன்று நான்கு பேர் சேர்ந்து படியுங்கள். வாரம் ஒரு நாள் நூலகத்திலோ ஒருவர் வீட்டிலோ கூடி, ஒருவர் போட்ட கணக்கை மற்றவர் திருத்துங்கள்.

இன்னுமொரு எச்சரிக்கை. இணையப் பாடச் சான்றிதழ் பள்ளிச் சான்றிதழுக்கு மாற்றாகாது. கல்லூரிகள் தம் பட்டப்படிப்பில் ஒரு பகுதியைச் சுவயம் பாடங்களால் நிரப்பிக்கொள்ளப் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதிக்கிறது. 2021-இல் அந்த வரம்பு 40 விழுக்காடாக உயர்ந்தது. ஆனால் உங்கள் கல்லூரி எந்தப் பாடத்தை ஏற்கிறது என்பதைச் சேருமுன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

செய்து பாருங்கள்

மவுண்ட்-பூந்தமல்லி சாலையின் ஒரு முனையில் இருக்கிறது பரங்கிமலை. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் அம்மலையருகே ஏறத்தாழ 12 கி.மீ. நீள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். பிறகு பெரும்பாலும் கோணங்களையே அளந்து, முக்கோணம் முக்கோணமாக நாட்டின் நீளத்தைக் கணக்கிட்டார்கள். இந்தியப் பெரும் முக்கோண அளவைக்கு அதுவே தொடக்கம். அதே முறையில் உங்கள் தெருவின் தண்ணீர்த் தொட்டியை அளக்கலாம்.

பாகைமானியின் நேர்விளிம்பில் ஓர் உறிஞ்சுகுழலை ஒட்டுங்கள். மையத்திலிருந்து நூலில் ஒரு சிறு கல்லைத் தொங்கவிடுங்கள். குழல் கிடையாக இருக்கும்போது நூல் 90-இல் நிற்கும். தொட்டியின் அடியிலிருந்து 20 மீட்டர் தள்ளி நின்று அதன் உச்சியைக் குழல் வழியே பாருங்கள். நூல் 50-இல் நின்றால் ஏற்றக் கோணம் 90 − 50 = 40 பாகை. டேன் 40 = 0.839. 20-ஆல் பெருக்கினால் 16.8 மீட்டர். உங்கள் கண் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருந்தால் தொட்டியின் உயரம் 18.2 மீட்டர். கோணத்தில் ஒரு பாகை பிழை நேர்ந்தால் விடையில் 0.6 மீட்டர் மாறும் என்பதையும் கணக்கிட்டுப் பாருங்கள். குழல் வழியே சூரியனை மட்டும் ஒருபோதும் பார்க்கக் கூடாது.

உங்களுக்குச் சில கணக்குகள்

1. 60 மி.மீ. விட்டத் தண்டு 30 மி.மீ. நீளத்தில் 48 மி.மீ. ஆகக் குறைய வேண்டும். உளியை எவ்வளவு திருப்ப வேண்டும்?

2. பயிற்சியில் 70 எடுத்தவர் மொத்தம் 60 பெறத் தேர்வில் எவ்வளவு எடுக்க வேண்டும்?

3. ஒரு செவ்வகத் தகட்டின் சுற்றளவு 34 செ.மீ., பரப்பு 60 ச.செ.மீ. பக்கங்கள் யாவை?

4. ஒரு கோணத்தை இரட்டித்தால் அதன் சைனும் இரட்டிக்குமா?

விடைகள்: 1. 11 பாகை 19 கலை. 2. 57. 3. 12 செ.மீ., 5 செ.மீ. 4. இல்லை; 30-ஐயும் 60-ஐயும் இட்டுப் பாருங்கள்.

விடைகளை முதலில் பார்த்துவிட்டீர்களா? அப்படியானால் நாளைக்கு, இந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு, நான்கையும் நோட்டில் போட்டுப் பாருங்கள்.