ஸ்கிரிப்ட் கேட்கலாம், அனுமதிப்பது நீங்கள்

ஹைதராபாத்தின் அமீர்பேட்டையில் நிமிர்ந்து பார்த்தால் கணினிப் பயிற்சி விளம்பரங்கள்தான். நகரின் மேற்கே கச்சிபௌலியில், விண்டோஸைத் தயாரிக்கும் மைக்ரோசாஃப்ட் 1998-இல் தொடங்கிய இந்திய மேம்பாட்டு மையம் இருக்கிறது. அமீர்பேட்டையில் விண்டோஸ் நிர்வாகம் படித்து வேலைக்குச் சேருகிறவருக்கு ஐம்பது கணினிகளில் ஒரே மென்பொருளை நிறுவும் வேலை சீக்கிரமே வந்துவிடும். ஒவ்வொன்றாக உட்கார்ந்து செய்ய முடியுமா? கட்டளைகளை வரிசையாக எழுதி ஒரு ஸ்கிரிப்ட் ஆக்குவார். ஓடவிட்டதும் வரும் பதில்: ‘அனுமதி மறுக்கப்பட்டது’. இத்தனைக்கும் அவர் அட்மினிஸ்ட்ரேட்டர்!

காரணம் பழையது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வீட்டுக் கணினிகளில் பெரும்பாலோர் முழு அதிகாரத்தோடுதான் உலவினார்கள். உள்ளே நுழைந்த வைரஸுக்கும் அதே அதிகாரம் கிடைத்தது. 2007-இல் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா இதை மாற்றியது. அட்மின் உள்நுழைந்ததும் விண்டோஸ் இரண்டு டோக்கன்களை, அதாவது அதிகாரச் சீட்டுகளை, உருவாக்குகிறது: ஒன்று முழு அதிகாரம் கொண்டது, மற்றொன்று குறைக்கப்பட்டது. வீட்டுக்காரரே ஆனாலும் வாசல் சாவியை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு, பீரோ சாவியை உள்ளே வைத்திருப்பதைப் போல. நாம் திறக்கும் நிரல்கள் குறைந்த டோக்கனோடுதான் ஓடும்.

ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தன் அதிகாரத்தை நடுவில் உயர்த்திக்கொள்ள முடியாது. புதிதாகத் தொடங்கத்தான் வேண்டும். அதனால் ஸ்கிரிப்ட் முதலில் தன் அதிகாரத்தைச் சோதிக்கும். போதவில்லை என்றால், விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லின் ‘ஸ்டார்ட்-ப்ராசஸ்’ கட்டளையோடு ‘ரன்ஆஸ்’ என்ற வினையைச் சேர்த்துத் தன்னையே மறுபடி தொடங்கும். அப்போதுதான் திரை மங்கி, ‘ஆம், இல்லை’ கேள்வி வருகிறது. வழக்கமான அமைப்பில் அந்தக் கேள்வி தனித் திரையில் வருவதால், மற்ற நிரல்கள் நமக்காக ‘ஆம்’ அழுத்த முடியாது.

நள்ளிரவில் ஓட வேண்டிய ஸ்கிரிப்டுக்கு யார் ‘ஆம்’ சொல்வது? குறித்த நேரத்தில் நிரல்களை இயக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் ‘உயர்ந்தபட்ச அதிகாரத்துடன் இயக்கு’ என்று முன்கூட்டியே குறித்துவிடலாம். ஆனால் அந்த ஸ்கிரிப்ட் கோப்பு எல்லோரும் திருத்தக்கூடிய ஃபோல்டரில் இருந்தால், திருத்துகிறவர் எவருக்கும் அட்மின் அதிகாரம் கைக்கு வந்துவிடும். அட்மின் கடவுச்சொல்லை ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதிவைப்பதும் அதே வகை ஆபத்து.

2024-இல் விண்டோஸ் 11-க்கு, அட்மின் அதிகாரத்தோடு நிரலை இயக்கும் லினக்ஸ் பாணி ‘சூடோ’ கட்டளை வந்தது. அதுவும் அனுமதி கேட்டுத்தான் வேலை செய்கிறது. எனவே திரை மங்கும்போது நிரலின் பெயரையும் வெளியீட்டாளரையும் படியுங்கள். நீங்கள் தொடங்காத எதற்கும் ‘இல்லை’ என்பதே சரியான பதில்.