உங்களுக்குத் தெரியுமா? கப்பலிலேயே அடுத்த பயணத்துக்கு முன்பதிவு!

• 2022 ஜூனில் சென்னையிலிருந்து கடல் சுற்றுலாவைத் தொடங்கிய கார்டீலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ கப்பல், 1990-இல் ‘நார்டிக் எம்பிரஸ்’ என்ற பெயரில் ராயல் கரீபியன் என்ற சுற்றுலாக் கப்பல் நிறுவனத்துக்காக ஓடத் தொடங்கியது.

• அதே ராயல் கரீபியனின் கப்பல்களில் ‘நெக்ஸ்ட்குரூஸ்’ என்ற முன்பதிவு மேசை உண்டு. இறங்குவதற்குள் அங்கே அடுத்த பயணத்தைப் பதிவு செய்தால், கப்பலில் செலவழிக்கச் சலுகைத் தொகை கிடைக்கும். எத்தனை இரவுப் பயணம், எந்த வகை அறை என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும்.

• ‘பிரின்சஸ்’ என்ற மற்றொரு நிறுவனத்தின் கப்பல்களில், அடுத்த பயணத்தின் தேதி முடிவாகும் முன்பே ஆளுக்கு 100 டாலர் முன்பணம் கட்டிவைக்கும் திட்டம் பெயர்பெற்றது.

• சலுகைத் தொகை ரொக்கமல்ல. முன்பணம் திரும்பக் கிடைக்குமா, தேதியை மாற்றலாமா, எப்போது காலாவதியாகும் என்று கேட்டு, எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள்.