இந்துப்பும் இரத்த அழுத்தமும்

பிரஷர் இருக்கிறது என்று டாக்டர் சொன்ன மறுவாரமே பல வீடுகளில் கல்லுப்பு ஜாடி இறங்கி இந்துப்பு பாக்கெட் ஏறிவிடுகிறது. அதில் நுண் தாதுக்கள் நிறைய இருக்கின்றன, கொதிப்பைக் குறைக்கும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். டீயைக் குடித்துக்கொண்டே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இந்துப்பும் சோடியம் குளோரைடுதான், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல். அந்த இளஞ்சிவப்பு நிறம் இரும்புச் சேர்மங்களால் வருவது. ஒரு நாளைக்கு உலக சுகாதார நிறுவனம் அனுமதிக்கும் உப்பு 5 கிராமுக்குள். அவ்வளவையும் இந்துப்பாகவே சாப்பிட்டாலும் கிடைக்கிற பொட்டாசியம் பெரும்பாலும் 20 மில்லிகிராமைத் தாண்டாது. பெரியவர்களுக்கு வேண்டியதோ குறைந்தது 3,510 மில்லிகிராம். நூறு கிராம் வாழைப்பழத்திலேயே முந்நூறுக்கு மேல் இருக்கிறது. ஆக, உப்பை மாற்றியதால் சோடியமும் குறையவில்லை, பொட்டாசியமும் கூடவில்லை.

உப்பின் வழியாக நமக்கு உண்மையிலேயே வந்து சேருகிற நுண் தாது அயோடின். அது சாதாரண பாக்கெட் உப்பில் சேர்க்கப்பட்டிருக்கும். இந்துப்பு பாக்கெட்டுகள் பலவற்றில் இருக்காது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

பொட்டாசியத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? சாப்பாட்டில் அது குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். சோடியம் தங்கினால் தண்ணீரும் தங்கும், இரத்தத்தின் கன அளவு கூடும், அழுத்தம் ஏறும். பொட்டாசியம் தாராளமாக வந்தால் சோடியம் சிறுநீரில் போய்விடும். உப்பைக் குறைப்பது பாதி வேலைதான் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். கீரை, பருப்பு, பழம், இளநீர் எல்லாம் மீதிப் பாதி. கீரையை வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டால் பொட்டாசியத்தில் ஒரு பங்கு அதோடு போய்விடும், ரசத்தில் சேர்த்துவிடுங்கள்.

மெக்னீசியமும் உதவுகிறது. இரத்தக் குழாய்ச் சுவரின் தசை, கால்சியம் உள்ளே நுழையும்போது இறுகும். பிரஷருக்குத் தரும் அம்லோடிபின் மாத்திரை தடுப்பது அந்த நுழைவைத்தான். மெக்னீசியம் அதே வேலையை மென்மையாகச் செய்கிறது. ஆனால் மெக்னீசியத்தை மாத்திரையாக எடுத்தவர்களுக்கு பிரஷரின் மேல் அளவு சராசரியாக இரண்டு புள்ளி அளவுக்கே குறைந்தது. துத்தநாகம், செலினியம் உடம்புக்கு வேண்டியவைதாம். பிரஷருக்காகத் தனியே வாங்கிச் சாப்பிடச் சொல்லும் அளவுக்குச் சான்று கிடையாது.

தனித்தனி மாத்திரையைவிட முழுச் சாப்பாடு பலமானது. 1997இல் அமெரிக்காவில் வெளியான டாஷ் ஆய்வில் காய், பழம், கொழுப்பு குறைந்த பால் பொருட்கள் நிறைந்த உணவைச் சாப்பிட்ட இரத்த அழுத்தக்காரர்களுக்கு மேல் அளவு 11 புள்ளி இறங்கியது. உப்பின் அளவில் கை வைக்காமலே!

உப்பையே மாற்றிப் பார்த்ததும் உண்டு. சீனக் கிராமங்கள் 600இல், ஏறக்குறைய 21,000 பேரிடம் நடந்த ஆய்வு அது. 2021இல் முடிவு வந்தது. முக்கால் பங்கு சோடியம் குளோரைடும் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பைப் பாதிக் கிராமங்களுக்குக் கொடுத்தார்கள். அங்கே பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. இங்கே மாறியது உப்பில் கால் பங்கு. இந்துப்பில் இருக்கும் துளியோடு இதை ஒப்பிடவே முடியாது.

அதற்காக இப்படிப் பொட்டாசியம் கலந்த, ‘லோ சோடியம்’ என்று எழுதிய உப்பு பாக்கெட்டை இன்றே வாங்கிவிடாதீர்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் வெளியேறாமல் இரத்தத்தில் ஏறும். ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். டெல்மிசார்டன், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுகிறவர்களுக்கும் அந்த ஆபத்து உண்டு. நம் ஊரில் பிரஷர்காரர்கள் பலர் சாப்பிடுவது இவற்றில் ஒன்றைத்தான். கிரியாட்டினின், பொட்டாசியம் இரண்டுக்கும் இரத்தப் பரிசோதனை செய்து டாக்டரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள். அதுவரை ஊறுகாயையும் அப்பளத்தையும் கருவாட்டையும் குறைப்பதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.